நான்காம் புத்தகத்தில் வெட்டியெடுக்கப்பட்ட அத்தியாயம்

மகளே,

என் வலது கண் நலம். இடது கண்ணுக்கு இன்னும் மூன்று வாரத்தில் சத்திரசிகிச்சை. உடம்பைப் பற்றி எழுத இவ்வளவுதான் இருக்கிறது. மற்றபடி நான் நலமா இல்லையா என்பதை இதை வாசித்து முடித்த பிறகு நீ தீர்மானித்துக்கொள்ளலாம்.

இரண்டு வாரங்களுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை ரொறன்ரோவிலிருந்து அழைத்தபோது நீ இரண்டு விஷயங்களைச் சொன்னாய். முதலாவது, நம் சூனியக்காரிகளைப் பற்றியது. உன் கலியாணத்துக்கு முன், சின்ன வயதில் நீ வாசித்த அந்த ஏழு சூனியக்காரிக் கதைப் புத்தகங்களையும் நாம் இருவரும் திரும்ப வாசிக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்றாகக் கதைக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தவள் நீதான். நீ அங்கே புதிய பதிப்பை வாங்கினாய். நான் இங்கே உன் அலுமாரியிலிருந்த பழைய பிரதிகளைத் தூசி தட்டி எடுத்தேன். அன்று நான்காம் புத்தகத்தின் முறை.

"அப்பா, இதில நான் வாசிக்காத ஒரு சாப்டர் இருக்கு. பதினோராவது. எங்கட புத்தகத்தில அது இல்லைத்தானே?"

"பழைய புத்தகம் பிள்ளை. மருதானையில வாங்கினது. பக்கம் கழண்டு விழுந்திருக்கும்."

"பத்து முடியுற இடத்தில இருந்து பன்ரெண்டு தொடங்குற இடம் வரைக்கும் வடிவா எண்ணி விழுந்திருக்கு என்ன?"

நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். பிறகு இரண்டாவது விஷயத்துக்கு வந்தாய்.

"சுகந்தி அக்காவைத் தேடி இங்கத்தைத் தமிழ்ப் பேப்பரில ஒரு விளம்பரம் போடப்போறன். கலியாணத்துக்கு அவ வரவேணும். இத்தனை வருசம் ஒரே நாட்டில இருந்துகொண்டு ஒருக்காக்கூட என்னைத் தேடேல்ல. ஏனெண்டு நேரில கேக்கவேணும்."

இரண்டு வாரம் பொறுக்கச் சொன்னேன். ஏன் என்று கேட்டாய். கண் என்றேன். உன் விளம்பரத்துக்கும் என் கண்ணுக்கும் என்ன தொடர்பு என்று நீ கேட்கவில்லை. வயதானவர்கள் உடம்பில் ஒரு பாகத்தின் பெயரைச் சொன்னால் பிள்ளைகள் மேற்கொண்டு விசாரிப்பதில்லை. அந்த வசதியைப் பயன்படுத்திக்கொண்டேன்.

நீ இரண்டு விஷயம் என்று சொன்னது ஒரே விஷயம். பதினோராம் அத்தியாயம் கழன்று விழவில்லை. அதை நான் சவர பிளேட்டால் வெட்டி எடுத்தேன். சுகந்தி கனடாவில் இல்லை. அவள் கனடாவுக்குப் போகவே இல்லை. நம் வீட்டு வாசலிலிருந்து அவளைக் கொண்டுபோனார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். விளம்பரத்தை நிறுத்து.

இதை உறையில் ஒட்டி உனக்கு மட்டும் அனுப்பாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அன்று காலையில் எங்கள் சின்ன ஒழுங்கையும் காலி பிரதான வீதியும் சேரும் முனையில் வேறு ஆட்களும் நின்றார்கள். அவர்களில் யாருக்காவது நான் அறியாத ஏதாவது தெரிந்திருக்கலாம். அவளுடைய பெயரை அச்சிட அவளுடைய தமக்கையிடம் அனுமதி பெற்றிருக்கிறேன். என்னுடைய பெயர் தேவையில்லை. வெள்ளவத்தையில் என்னைப் போன்றவர்களுக்குக் குறைவில்லை.

சுகந்தி நம் வீட்டு மேலறைக்கு வந்தபோது உனக்கு ஒன்பது வயது. அவளுக்கு இருபத்துநான்கு. யுத்தத்தின் கடைசி ஆண்டுகள். வடக்கிலிருந்து வந்து, விசாவுக்குக் காத்திருக்கும் யாராவது ஒருவர் இல்லாத வீடு அப்போது எங்கள் ஒழுங்கையில் இல்லை. அவளுக்கு ரொறன்ரோவில் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளன். பிறப்பையும் விவாகத்தையும் மரணத்தையும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றி, இது உண்மையான மொழிபெயர்ப்பு என்று சத்தியம் செய்து முத்திரை குத்துவது என் தொழில். தன்னுடைய பிறப்புச் சான்றிதழை மாற்றித் தரச்சொல்லி வந்தவள், அறை வாடகைக்கு உண்டா என்று கேட்டாள். உன் அம்மாவுக்கு அவளைப் பிடித்துவிட்டது. அதற்குப் பிறகு என் அபிப்பிராயம் கேட்கப்படவில்லை.

அவள்தான் அந்தப் புத்தகங்களை உனக்குத் திறந்துவிட்டவள். நான் வாங்கித் தந்தவன் மட்டும். அவளுக்கு ஆங்கிலம் படிக்க வேண்டியிருந்தது. உனக்குக் கதை கேட்க வேண்டியிருந்தது. பள்ளிக்கூட வான் உன்னை இறக்கிவிட்ட பிறகு தினமும் மேலறையில் ஒரு அத்தியாயம். நீ வாசிப்பாய். அவள் அகராதியைப் பார்ப்பாள். குளிர்தேசத்துத் துறைமுகம் ஒன்றில் கயிறு திரிக்கும் பட்டறைக்கு மேலே வாழும் ஐந்து சூனியக்காரிகள். அவர்களில் ஹெஸ்பா என்பவள், மற்றவர்களின் வலியைக் கயிற்றில் முடிச்சாகப் போட்டு எடுத்துவிடுவாள். உனக்குத் தலையிடி வந்தால் சுகந்தி உன் றிபனில் முடிச்சுப் போடுவாள். தலையிடி போய்விடும். எனக்கு வந்தால் பனடோல்தான்.

உன் அம்மாவுக்குத்தான் கொஞ்சம் கலக்கம். கொட்டாஞ்சேனையில் ஞானஸ்நானம் பெற்றவள் சூனியக்காரிகளை வீட்டில் வைத்திருக்கலாமா என்று பங்குத் தந்தையிடமே கேட்கப் போனாள். அவர் முதலாம் புத்தகத்தை ஆராய்ந்து பார்க்கவேண்டும் என்று வாங்கிவைத்தார். ஒரு மாதம் கழித்து, ஆராய்ச்சி முடியவில்லை, இரண்டாவது இருக்கிறதா என்று கேட்டனுப்பினார். அதன்பின் திருச்சபையின் பக்கத்திலிருந்து ஆட்சேபம் எதுவும் எழவில்லை.

இந்த வயதில் அவற்றைத் திரும்ப வாசிக்கும்போது என்ன தெரிகிறது என்று நீ முதல் ஞாயிறு கேட்டாய். எழுத்துப் பெரிது, கண்ணுக்கு நல்லது என்று சொல்லித் தப்பினேன். உண்மையில் தெரிவது வேறு. மந்திரம் நிறைந்த புத்தகங்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். மந்திரத்தைவிட நகரசபைக் கூட்டங்கள்தான் அவற்றில் அதிகம். சூனியக்காரிகள் பறக்கிறார்கள்தான். ஆனால் பெரும்பாலான பக்கங்களில் அவர்கள் வாடகை வீடு தேடுகிறார்கள், பக்கத்து வீட்டுக்காரர்களின் பார்வையை எடைபோடுகிறார்கள், எந்தத் தெருவால் போனால் கேள்வி வராது என்று யோசிக்கிறார்கள். இதையெல்லாம் ஒன்பது வயதில் நீ வேகமாகத் தாண்டிப்போனாய். சுகந்தி தாண்டியிருக்க மாட்டாள். அகராதி பார்க்காமலே அவளுக்கு விளங்கிய பகுதிகள் அவையாகத்தான் இருக்கும்.

இனிப் பொலிஸ் படிவத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு வீட்டிலும் யார் யார் தங்கியிருக்கிறார்கள் என்று பொலிஸுக்கு எழுதிக் கொடுத்து, முத்திரை பதித்த பிரதியை வீட்டில் வைத்திருக்க வேண்டும். படிவம் சிங்களத்தில் இருந்தது. எங்கள் ஒழுங்கையில் பதினொரு வீடுகளுக்கு நான்தான் அதை நிரப்பிக் கொடுத்தேன். எல்லோருக்கும் என் எழுத்தில் நம்பிக்கை. பத்து வீடுகளில் வாடகைக்கு இருந்த அத்தனை பேரின் பெயர்களையும் பிழையில்லாமல் எழுதினேன். பதினோராவது வீடு நம்முடையது. அதில் மூன்று பெயர்கள் எழுதினேன். நான், அம்மா, நீ.

உன் அம்மா சாப்பாட்டு மேசையில் அதை வாசித்துப் பார்த்தாள்.

"நாலாவது பேர் எங்கங்க?"

"தேவையில்லை. பேர் போட்டால் பேரைத் தேடி வருவாங்கள். பேர் இல்லாட்டி ஆரைத் தேடி வாறது?"

"அந்தப் புள்ள கேட்டா என்ன சொல்றது?"

"போட்டாச்சு எண்டு சொல்லு."

அடுத்த நாள் படியிறங்கி வரும்போது அவள் கேட்டாள். "அங்கிள், என்ர பேரையும் போட்டீங்களே?"

"ஓம் பிள்ளை, போட்டாச்சு."

பத்து வீட்டுக்காரருக்கு இல்லாத புத்தி எனக்கு இருந்தது என்பதுதான் என் பிழை. மற்றவர்களுக்குச் சட்டப்படி எது பாதுகாப்போ அதைச் செய்துகொடுத்தேன். சொந்த வீட்டுக்கு மட்டும் மேலான ஒரு யோசனை வைத்திருந்தேன். அவளை மறைத்து வைப்பதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதினெட்டு வருடமாக அந்த வசனத்தை ஆராய்ந்து வருகிறேன். அதில் 'அவளை' என்ற சொல் தவறான மொழிபெயர்ப்பு. நான் மறைத்து வைத்தது நம் மூவரையும். வடக்கிலிருந்து புதிதாக வந்த இளம் பெண் ஒருத்தியின் பெயர் நம் வீட்டுத் தாளில் இருந்தால் யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள் என்ற பயம். அந்தப் பயம் அன்று எல்லாருக்கும் இருந்தது. பத்து வீட்டுக்காரருக்கும் இருந்தது. அவர்கள் பயந்துகொண்டே பெயரை எழுதச் சொன்னார்கள்.

அன்று செவ்வாய்க்கிழமை. சுகந்தி உனக்குத் தலை பின்னி, ஒழுங்கை முனைவரை நடந்து வந்து உன்னைப் பள்ளிக்கூட வானில் ஏற்றிவிட்டாள். அது உனக்கு நினைவிருக்கும். வான் போன பிறகு அங்கே சோதனைக்கு நின்றவர்கள் அவளை மறித்தார்கள். எந்தப் பிரிவைச் சேர்ந்தவர்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. அவள் அடையாள அட்டையைக் கொடுத்து, இந்த வீட்டில் இருக்கிறேன், என் பெயர் படிவத்தில் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். தைரியமாகச் சொல்லியிருப்பாள். நான் போட்டாச்சு என்று சொல்லியிருந்தேன் அல்லவா. சரிபார்க்க அவளை வீட்டுக்கே கூட்டிவந்தார்கள். இரண்டு பேர். ஒருவர் பேசவில்லை. மற்றவர் மிகவும் மரியாதையானவர், கேற்றுக்கு வெளியிலேயே நின்று கேட்டார்.

"மெயா மெஹெத இன்னே?" இவர் இங்கேயா இருக்கிறார் என்று.

படிவம் என் கையில் இருந்தது. அவர் கேட்காமலே அதை நீட்டினேன். மூன்று பெயர்களையும் வாசித்தார். நான் சுத்தமான சிங்களத்தில், இல்லை ஐயா, இவர் ஒரு பத்திரத்தை மொழிபெயர்க்கத் தந்திருந்தார், அதைக் கேட்டு வந்துபோகிறவர் என்று சொன்னேன். என் சிங்களத்தை எல்லோரும் பாராட்டுவார்கள். உன் அம்மா எனக்குப் பின்னால் கதவருகில் நின்றாள். அவள் வாயைத் திறக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. நான் கையைப் பின்னால் நீட்டி அவளுடைய மணிக்கட்டைப் பிடித்திருந்தேன்.

சுகந்தி என்னைப் பார்த்தாள். கையிலிருந்த தாளைப் பார்த்தாள். எல்லாம் விளங்க அவளுக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. பிறகு அவரிடம் திரும்பித் தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் ஏதோ சொல்லப் பார்த்தாள், வரவில்லை. தமிழில் சொன்னாள்.

"ஓம். நான் இஞ்ச இருக்கிறேல்ல. டொக்கியுமென்ற் எடுக்கத்தான் வந்தனான்."

மரியாதையானவர் என்னைப் பார்த்தார். அதை மொழிபெயர்க்கச் சொன்னார். மொழிபெயர்த்தேன்.

அவளை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு அவர்கள் போன பிறகு நான் மேசைக்குத் திரும்பிப் பாதியில் விட்டிருந்த ஒரு விவாகச் சான்றிதழை முடித்தேன். அதில் ஒரு பிழையும் இல்லை. அன்று பின்னேரம் நீ வானிலிருந்து இறங்கி நேரே மேலறைக்கு ஓடினாய். அம்மா அதற்குள் அவளுடைய பையை அலுமாரியின் மேல் ஏற்றியிருந்தாள். "விசா வந்திட்டுது, அவசரமாக் கூப்பிட்டவங்கள், கனடா போயிட்டா" என்று நான் சொன்னேன். நீ நம்பவில்லை என்பதற்கு அடையாளமாக ஒன்றும் சொல்லவில்லை. நம்பினாய் என்பதற்கு அடையாளமாக மூன்று நாள் சாப்பிடவில்லை. "பாய் சொல்லாமப் போயிட்டா" என்பதுதான் உன் முறைப்பாடு. நீ அவள்மேல் கோபப்படுவது எனக்கு வசதியாக இருந்தது. கோபப்படுகிற பிள்ளை கேள்வி கேட்பதில்லை. அந்தக் கோபத்தை நான் அணையவிடாமல் பார்த்துக்கொண்டேன். "பார், ஒரு கடிதம்கூடப் போடேல்ல" என்று இடைக்கிடை ஒரு விறகை எடுத்து வைத்தேன்.

நீங்கள் அப்போது நான்காம் புத்தகத்தில் எட்டாம் அத்தியாயத்தில் நின்றீர்கள். மிச்சத்தை என்னோடு வாசிக்க வேண்டும் என்று அடம்பிடித்தாய். உனக்கு முன்னால் தடுமாறக்கூடாது என்று நான் முன்கூட்டியே வாசித்துவைத்தேன். மூன்றாம் நாள் பதினோராம் அத்தியாயத்துக்கு வந்தேன். இப்போது நீயும் வாசித்திருப்பாய். ஆனாலும் எழுதுகிறேன், நான் அதை எப்படி வாசித்தேன் என்பது உனக்குத் தெரியவேண்டும். பட்டினக் காவலர்கள் வீட்டுக்கு வீடு பெயர்ப்பட்டியல் கேட்கிறார்கள். குளிர்காலம் முழுவதும் ஹெஸ்பாவுக்கு மா மூட்டை அடுக்கும் பரணில் இடம் கொடுத்த ரொட்டிக்காரன், தன் பிள்ளைகளை நினைத்து, அவளுடைய பெயரை விட்டுவிடுகிறான். காவலர்கள் அவளைத் தெருவில் பிடித்துக் கடைக்குக் கொண்டுவருகிறார்கள். ரொட்டி வாங்க வருகிறவள் என்று அவன் சொல்கிறான். அவள் அவனைச் சபிக்கவில்லை. அவளைக் கொண்டுபோன பிறகு அவன் உள்ளே போய், கருகிவிடாமல் ரொட்டியைப் போறணை அடுப்பிலிருந்து எடுக்கிறான். அத்தியாயம் அந்த இடத்தில் முடிகிறது. இதை எழுதிய குளிர்தேசத்து அம்மையார் எங்கள் ஒழுங்கைக்கு எப்போது வந்து பார்த்துவிட்டுப் போனார் என்று எனக்கு விளங்கவில்லை. ஒரு கதையில் இப்படி ஒரு பொருத்தத்தை யாராவது எழுதியிருந்தால் நம்பும்படி இல்லை என்று ஓரத்தில் குறித்திருப்பேன். பிளேட்டை எடுத்தேன். பக்கங்களை அடுப்பில் போட்டேன்.

நீ பத்திலிருந்து பன்னிரண்டுக்குத் தாவி வாசித்தாய். ஹெஸ்பா திடீரென்று கதையில் இல்லை. என்னை நிமிர்ந்து பார்த்தாய்.

"ஹெஸ்பா எங்கப்பா?"

பதிலையும் நீயே கண்டுபிடித்துவிட்டாய்.

"அவளும் கனடாவுக்குப் போயிட்டாள் போல."

ஏழாம் புத்தகத்தில் அவள் திரும்பி வந்து, அந்த ரொட்டிக்காரனை மன்னிக்கிறாள். உனக்கு அது புரியவில்லை. அவன் என்ன பிழை செய்தான் என்று கேட்டாய். ரொட்டியைக் கருகவிட்டிருப்பான் என்றேன். இதற்குப் போய் இவ்வளவு அழுகையா என்று நீ அவனைப் பரிகசித்தாய். இப்போது திரும்ப வாசிக்கும்போது, பறப்பதையும் புயலை நிறுத்துவதையும் கயிற்றில் முடிச்சிட்டு வலியை எடுப்பதையும் நான் தடையில்லாமல் நம்புகிறேன். அந்த மன்னிப்புப் பக்கத்தை மட்டும் நம்ப முடியவில்லை. பிள்ளைகளுக்கான புத்தகம் என்பதால் எழுதியிருக்கிறார்கள்.

உன்னிடம் சொன்ன பொய்யோடு நின்றிருந்தால் இந்தக் கடிதம் பாதி நீளத்தில் முடிந்திருக்கும். அவளைக் கொண்டுபோய் எட்டாம் நாள் அவளுடைய தாய் ஊரிலிருந்து அழைத்தார். லைன் இரைச்சலாக இருந்தது. "தம்பி, பிள்ளை கதைக்கிறாளில்லை, சுகமோ?" என்று கேட்டார். என்னைவிட அவருக்குப் பத்து வயதுதான் கூட இருக்கும். தம்பி என்று கூப்பிட்ட அந்த மனுசியிடம், பிள்ளை பத்து நாளுக்கு முன்னமே எங்கள் வீட்டை விட்டுப் போய்விட்டா, கொட்டாஞ்சேனைப் பக்கம் ஏதோ லொட்ஜில் இருக்கிறா போல என்று சொன்னேன். ஏன் கொட்டாஞ்சேனை? உன் அம்மாவின் ஊர். வாயில் முதலில் வந்தது. நாளையும் மாற்றினேன், இடத்தையும் மாற்றினேன். அவர்கள் எங்கெங்கே முறையிட்டார்களோ அங்கெல்லாம் என்னுடைய நாளும் என்னுடைய இடமும்தான் பதிவாகியது. மாப்பிள்ளை வீட்டாருக்கும் அதே செய்தி. அவர் ஒரு வருடம் காத்திருந்துவிட்டு வேறு இடத்தில் செய்துகொண்டாராம்.

யுத்தம் முடிந்து வடக்குக்கான பாதை திறந்த ஒரு மாதத்தில் அந்தத் தாய் கொழும்புக்கு வந்தார். நம்மிடம் வரவில்லை. அவள் நம் வீட்டில் இல்லையென்று நான்தான் சொல்லிவிட்டேனே. ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்த உன் அம்மா, செருப்பைக் கழற்றாமலே என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அந்தம்மா நம்ம கோயில் வாசல்ல நிக்குறாங்க. எல்லாருக்கும் படத்தைக் காட்டுறாங்க. எனக்கும் காட்டினாங்க."

"நீ என்ன சொன்னனி?"

"நான் என்னங்க சொல்ல? நீங்க சொல்லுங்க, நான் என்ன சொல்ல?"

"ஒண்டும் சொல்லாதை. பிள்ளை இருக்கிறாள்."

அதன்பிறகு உன் அம்மா கொட்டாஞ்சேனைக் கோயிலுக்குப் போகவில்லை. பிறந்து வளர்ந்த பங்கின் திருவிழாவுக்குக்கூடப் போகவில்லை. ஏன் என்று நீ பலமுறை கேட்டாய். பஸ் நெரிசல் என்றாள். எனக்குத் தெரியாமல் அவள் மட்டும் இரண்டு மூன்று இடங்களில் சுகந்தியைப் பற்றி விசாரித்தாள் என்பதை, மூன்று வருடங்களுக்கு முன் அவள் இறந்த பிறகு, அவளுடைய செபப் புத்தகத்துக்குள் இருந்த துண்டுகளில் கண்டேன். பெயர், நாள், வீட்டு இலக்கம். சரியான நாள், சரியான இலக்கம். எங்கே கொடுத்தாள், யார் வாங்கினார்கள், என்ன பதில் கிடைத்தது என்று ஒன்றும் இல்லை. நான் ஒரே ஒரு தடவை பொலிஸ் நிலையத்துக்கு விசாரிக்கப் போனேன். எதிரேயிருந்த தேத்தண்ணிக் கடையில் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

கலியாணம் கட்டப்போகிற பிள்ளைக்குத் தகப்பன் ஏதாவது சொல்லவேண்டும் என்பார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு நானும் உன் அம்மாவும் சண்டை பிடித்ததே இல்லை. சண்டை பிடிக்கத் தொடங்கினால் எங்கே போய் முடியும் என்று இருவருக்கும் தெரியும். ஆகையால் உப்பு, புளி, உன் பள்ளிக்கூடம் எல்லாவற்றிலும் இணங்கிப்போனோம். உறவினர்கள் எங்களைப் பார்த்துப் படிக்கச் சொல்லித் தங்கள் பிள்ளைகளை அனுப்பினார்கள். நீயும் ஒருமுறை, உங்களைப் போல இருக்கவேண்டும் என்று சொன்னாய். தயவுசெய்து இருக்காதே. உன்னைக் கட்டப்போகிறவன் ஒரு கோழைத்தனத்தைச் செய்துவிட்டு, உனக்காகத்தான் செய்தேன் என்று வந்து நின்றால் அவனுடைய மணிக்கட்டை நீ பிடி. பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சத்தம் போடு. அமைதியான வீடு நல்ல வீடு என்று யாராவது சொன்னால், அந்த வீட்டில் எத்தனை பேர் இருந்தார்கள், இப்போது எத்தனை பேர் என்று கேள்.

உன் அழைப்புக்கு அடுத்த நாள் நான் சுகந்தியின் குடும்பத்துக்கு எழுதினேன். விலாசத்தை எப்படித் தேடிப்பிடித்தேன் என்று நீ வியக்க வேண்டாம். தேடவில்லை. அவளுடைய பிறப்புச் சான்றிதழின் பிரதி என் கோப்பில் இருக்கிறது. தகப்பன் பெயர், தாய் பெயர், கிராமம், எல்லாம் இரண்டு மொழியில், உண்மையான மொழிபெயர்ப்பு என்ற என் சத்தியத்தோடும் முத்திரையோடும். பதினெட்டு வருடத்தில் எந்தக் காலையிலும் கையை நீட்டியிருந்தால் எடுத்திருக்கலாம்.

எழுதும்போது நான் ஏச்சுக்குத் தயாராக இருந்தேன். உண்மையைச் சொன்னால் அதற்கு ஆசைப்பட்டேன். ஏச்சு வாங்கியவனுக்குக் கணக்குத் தீர்ந்த மாதிரி ஒரு ஆறுதல் இருக்கும். போன வியாழக்கிழமை பதிவுத் தபாலில் தமக்கையின் பதில் வந்தது. அதில் ஏச்சு இல்லை. தாய் நான்கு வருடங்களுக்கு முன் காலமாகிவிட்டார் என்று ஒரு வரி. கடைசிவரை கொட்டாஞ்சேனை லொட்ஜ்களின் பெயர்களைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார் என்று இன்னொரு வரி. பெயரை அச்சிடுங்கள், முழுப்பெயரும் வேண்டாம், எங்களுக்குத் தெரிந்தால் போதும் என்று ஒரு வரி. அதற்குக் கீழே நான்கு கேள்விகள், இலக்கமிட்டு. தமக்கை பல வருடங்களாக இப்படிப்பட்ட பத்திரங்களை நிரப்பி வருகிறவர் என்பது அந்த இலக்கங்களைப் பார்த்தாலே தெரிகிறது. எந்த நாள்? என்ன நேரம்? வாகனம் எந்தப் பக்கம் திரும்பியது? அன்று என்ன உடுத்திருந்தாள்?

முதல் மூன்றுக்கும் உடனே பதில் எழுதிவிட்டேன். செவ்வாய்க்கிழமை, திகதியோடு. காலை ஏழே கால். தெகிவளைப் பக்கம். நான்காவது கேள்வி எதற்கு என்று உனக்கு விளங்கும் என்று நினைக்கிறேன். எங்காவது நிலத்தைத் தோண்டும்போது எலும்போடு துணியும் கிடைக்கிறது. துணியைக் காட்டி, காணாமற்போனவர்களின் வீட்டுக்காரரைக் கேட்கிறார்கள். அந்தத் தமக்கை பதினெட்டு வருடமாக ஒவ்வொரு துணியையும் போய்ப் பார்க்கிறார். எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் பார்க்கிறார்.

எனக்கு நினைவில்லை. மூன்று நாள் கண்ணை மூடிக்கொண்டு இருந்து பார்த்தேன். கேற் நினைவிருக்கிறது. தாளில் மரியாதையானவரின் பெருவிரல் இருந்த இடம் நினைவிருக்கிறது. அவள் சொன்னது ஒரு சொல் பிசகாமல் நினைவிருக்கிறது. அவள் பாவாடையா, சட்டையா, என்ன நிறம் என்று மட்டும் வரவில்லை. நான் அவளைப் பார்க்கவில்லை. அவ்வளவுதான். அம்மா பார்த்திருப்பாள். அம்மா இல்லை.

அன்று காலை அவளுக்கு முன்னால் அரைமணி நேரம் உட்கார்ந்து தலை பின்னக் கொடுத்தவள் நீ. ஒழுங்கை முனைவரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவள் நீ. வான் ஜன்னலால் திரும்பிப் பார்த்திருப்பாய், நீ எப்போதும் திரும்பிப் பார்க்கிறவள். நீ அவளைக் கோபித்துக்கொண்டு இத்தனை வருடம் அந்தக் காலையை எத்தனை தடவை திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். அந்தக் கோபத்துக்கு இப்போது ஆள் மாறிவிட்டது. அதைப் பற்றி நீ என்ன செய்வாய், கலியாணத்துக்கு என்னை வரச்சொல்வாயா, இனி ஞாயிற்றுக்கிழமைகளில் அழைப்பாயா என்பதெல்லாம் பிறகு. உனக்கு விருப்பமான நேரத்தில், விருப்பமானபடி. அவற்றில் எதற்கும் நான் இந்தக் கடிதத்தில் இடம் கேட்கவில்லை.

தமக்கையின் விலாசத்தைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். அவருக்குத் தமிழ்தான் தெரியும், நீ தமிழிலேயே எழுது, எழுத்துப் பிழை வந்தாலும் பரவாயில்லை. நினைவு வந்தால் என்னிடம் சொல்ல வேண்டாம். என் வழியாக அனுப்பவும் வேண்டாம். நேரே அவருக்கு எழுது. நிறத்தை மட்டும் எழுதினாலும் போதும்.

அப்பா